மான் ஈரல், 2019

இருபத்தெட்டு வருஷமாக ஒரே தடத்தில் தபால் போடுகிறவனுக்கு ஊரைப் பற்றித் தெரியாதது குறைவு. யாருக்கு எந்தக் கடன்காரன் எழுதுகிறான், யார் பையன் சிறையிலிருந்து எழுதுகிறான், யார் யாருக்கு எழுதுவதை நிறுத்திவிட்டார்கள், எல்லாம் தெரியும். வெளியே சொல்லக் கூடாது என்பது சட்டம். நான் சொன்னதும் இல்லை. ஆர்லிஸ் டாலஃப்சனின் கதையை இப்போது சொல்வது, அவளே சொல்லச் சொன்னதால்தான். "நல்லா சொல்லு டுவேன். ஆனா நான் அழுததை மட்டும் விட்டுடு" என்றாள். அதை விடுவதாக இல்லை. மூன்று வருஷம் என்னைத் திருடன் என்று நினைத்தவளுக்கு அந்தத் தண்டனையாவது வேண்டாமா?

ஆர்லிஸ் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். ஏழாம் எண் வண்டி. ஜனவரியில் டெக்கர் மேடு முழுக்கப் பனி கண்ணாடி மாதிரி உறைந்து கிடக்கும்போது, ஐம்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஏதோ கடைக்குப் போகிறவள் போல இறங்குவாள். பின்னால் எவனாவது எவன் தொப்பியையாவது பிடுங்கினால் கண்ணாடியில் பார்த்து ஒரே அதட்டு. வண்டியே வாயை மூடிக்கொள்ளும். அப்படிப்பட்டவளுக்குப் பயம் என்று ஒன்று உண்டென்றால் அது காகிதம்தான். காரின் எண்பலகையைப் புதுப்பிப்பதைத் தள்ளிப்போடுவாள், பல் டாக்டருக்குப் பதில் எழுதுவதைத் தள்ளிப்போடுவாள். வருமான வரிக் கணக்கை ஏப்ரல் பதினைந்தாம் தேதி, எங்கள் அஞ்சலகம் மூடுவதற்கு நாலு நிமிஷம் முன்னால் ஓடி வந்து நீட்டுவாள். "கடைசி நாள்னு ஒண்ணு எதுக்கு வெச்சிருக்காங்க? அன்னிக்குக் குடுக்கத்தானே?" என்று நியாயம் வேறு பேசுவாள்.

அவள் குடியிருந்தது லைல் ஆஸ்மண்ட் என்ற விவசாயியின் பழைய வீட்டில். விவாகரத்தான வருஷம் இரண்டு மாதத்துக்கு என்று வாடகைக்கு வந்தாள், இருபது வருஷம் ஓடிவிட்டது. சமையலறைக்கு வண்ணம் அடித்தது அவள். தெற்குச் சுவர் ஓரமாக, கேக்குக்குப் போடும் புளிப்புத் தண்டு தரும் ருபார்ப் செடி வைத்தது அவள். மகளை வளர்த்துக் கட்டிக்கொடுத்ததும் அந்த வீட்டிலிருந்துதான். ஆனால் சாலையோரத் தபால் பெட்டியில் மட்டும் 'ஆஸ்மண்ட்' என்றே இருந்தது. மாற்றச் சொன்னால், "என் வீடா இது?" என்பாள்.

எல்லாம் ஆரம்பித்தது அந்தத் தபால் பெட்டியில்தான். எங்கள் ஊரில் பனி தள்ளும் வண்டிக்கும் தபால் பெட்டிகளுக்கும் ஜென்மப் பகை. 2020 பிப்ரவரியில் ஒருநாள், நான் தபால் போட்டுவிட்டுப் போன அரை மணி நேரத்தில் அந்த வண்டி வந்து அவள் பெட்டியை இடித்துத் தள்ளிவிட்டது. ஆர்லிஸ் வேலை முடிந்து வந்தபோது தபால் எல்லாம் பனியில் சிதறிக் கிடந்திருக்கிறது. அதில் ஒன்று பள்ளி நிர்வாகம் அனுப்பிய சம்பளச் சான்று. பெயர், சம்பளம், ஆளுக்கு ஒன்றாக அரசாங்கம் தரும் சமூகப் பாதுகாப்பு எண் எல்லாம் அதில்தான் இருக்கும். உறை நனைந்து ஓரம் கிழிந்திருந்தது. அன்றைக்கு அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, அடுப்புக்குப் பக்கத்தில் காயவைத்தாள்.

அடுத்த மாதம் நோய் வந்து பள்ளிகள் மூடின. ஏழாம் எண் பேருந்துக்குள் இணையப் பெட்டி ஒன்றைப் பொருத்தி, லூத்தரன் தேவாலயத்து வாகன நிறுத்தத்தில் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். வீட்டில் இணையம் இல்லாத பிள்ளைகள் அப்பா அம்மா காரில் வந்து பேருந்தைச் சுற்றி நிறுத்திக்கொண்டு பாடம் படித்தார்கள். ஆர்லிஸ் ஓட்டுநர் இருக்கையில் கம்பளி போர்த்திக்கொண்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பாள். நான் அந்த வழியாகப் போகும்போது ஹாரன் அடிப்பேன், அவளும் அடிப்பாள். அங்கே உட்கார்ந்துதான் ஸ்வெட்டர் பின்னினாள், அரசாங்கத்தின் நிவாரணப் பணத்துக்கு எழுதிப் போட்டாள், மகளோடு சண்டை போட்டாள். வரிக் கணக்குக்கு அந்த வருஷம் ஜூலை வரை தவணை கொடுத்திருந்தார்கள். தவணை கொடுத்தால் கடைசி நாள்வரை போகாமல் விடுவாளா? ஜூலை பதினைந்தாம் தேதி அதே இருக்கையில் உட்கார்ந்து, கைபேசியிலேயே கணக்கைப் போட்டு அனுப்பினாள்.

உடனே திரும்பி வந்துவிட்டது. இந்த எண்ணில் ஏற்கெனவே ஒருவர் கணக்குத் தாக்கல் செய்துவிட்டார், ஏற்க முடியாது என்று சிவப்பு எழுத்தில்.

அந்த நிமிஷம் ஆர்லிஸுக்குப் பனியில் கிடந்த கிழிந்த உறைதான் ஞாபகம் வந்ததாம். எவனோ எண்ணை எடுத்துவிட்டான். தன் பெயரில் கணக்குக் கொடுத்துப் பணத்தை வாங்கிவிட்டான். நாளை தன் பெயரில் கடனும் வாங்குவான், களவும் செய்வான், போலீஸ் வந்து தன்னைத்தான் பிடிக்கும். யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்டால் அவள் ஆர்லிஸ் இல்லையே. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று கைபேசியை அணைத்தாள். அந்த நாளை வர மூன்று வருஷம் ஆனது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை நான் கண்ணால் பார்த்தேன், காரணம்தான் தெரியாது. எங்கள் பக்கத்துத் தபால் பெட்டிகளில் ஒரு சிவப்புக் கொடி உண்டு. தபால் அனுப்புகிறவர் அதை உள்ளே வைத்துவிட்டுக் கொடியைத் தூக்கிவிடுவார், நான் எடுத்துக்கொண்டு இறக்கிவிடுவேன். ஆர்லிஸ் அந்தக் கொடியைப் பெட்டியோடு சேர்த்துச் சாம்பல் நிற நாடாவால் சுற்றி ஒட்டிவிட்டாள். கொடி தூக்கியிருந்தால் திருடனுக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த மாதிரியாம். நான் வரும் நேரத்துக்கு வாசலில் நின்று தபாலைக் கையில் வாங்கிக்கொள்வாள். என் முகத்தைப் பார்க்க மாட்டாள், என் கைகளைப் பார்ப்பாள். வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் எவனாவது வரியைப் பற்றி வாய் திறந்தால் எழுந்து கழிவறைக்குப் போய்விடுவாள். வரி அலுவலகத்திலிருந்து கடிதங்கள் வந்தன. நான்தான் கொடுத்தேன். 'கணக்கு அனுப்பியது நீங்கள்தானா, உறுதி செய்யுங்கள்' என்று ஒன்று வந்திருக்கிறது. அதையும் திருடனே அனுப்பியதாக முடிவு செய்துவிட்டாள்.

2023 ஜூன் கடைசியில் ஒருநாள் வாசலில் நின்றவள் தபாலை வாங்கிக்கொண்டும் நகரவில்லை.

"டுவேன், ஒண்ணு கேக்கறேன். கோவிச்சுக்காதே."

"இப்படி ஆரம்பிச்சாலே கோவம் வரும். கேளு."

"உன் பையில இருந்து எப்பவாச்சும் தபால் காணாமப் போயிருக்கா? இல்ல... யாராச்சும் பிரிச்சுப் பார்த்து..."

"யாராச்சும்னா?"

அவள் என் கையைப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் மூன்று வருஷத்துப் பார்வை எல்லாம் புரிந்தது.

"நானா? ஏய் ஆர்லிஸ், உன் பொண்ணு கல்யாணத்துக்கு முந்நூறு பேருக்கு மீன் பொரிச்சவன்டி நான்! சட்டையில எண்ணெய் வாசம் ஒரு மாசம் போகல! என்னையா திருடன்ங்கற?"

"திருடன்னு சொல்லல. கேட்டேன், அவ்ளோதான்."

வண்டியை எடுத்துவிட்டேன். உடம்பெல்லாம் எரிந்தது. இருபத்தெட்டு வருஷத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்துக்கூடத் தொலைத்ததில்லை. மனதுக்குள் அவளுக்குக் கொடுத்த அர்ச்சனையை இங்கே எழுத முடியாது. அரை மைல் போன பிறகுதான் அவள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. குற்றம் சொல்கிறவள் முகம் இல்லை அது. பயந்தவள் முகம். தடத்தின் நடுவில் வண்டியைத் திருப்பக் கூடாது. திருப்பினேன்.

அவள் அதே இடத்தில் நின்றிருந்தாள். வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினாள். கிழிந்த உறை, சிவப்பு எழுத்து, தாக்கல் செய்யாமல் விட்ட நாலு வருஷத்துக் கணக்கு. இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தவள் இப்போது திறந்ததற்குக் காரணம் லைல். அவர் நிலத்தையெல்லாம் விற்றுவிட்டு அரிசோனாவில் மகனோடு இருக்கப் போகிறார். வீட்டை முதலில் அவளுக்குத்தான் தருவதாகச் சொல்லியிருக்கிறார், செப்டம்பரில் தொழிலாளர் தினம் வரைக்கும் நேரம். அதற்குள் முடியாவிட்டால் சிகாகோக்காரர் ஒருவர் வார இறுதி வீடாக்கிக்கொள்ளத் தயாராக இருக்கிறார்.

"கிராமத்து வீட்டுக்கடன் குடுக்கற ஆபீசுக்குப் போனேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு, மூணு வருஷத்து வரிக் கணக்கை மட்டும் கொண்டாங்கன்னாங்க. நான் எங்கேந்து கொண்டு போவேன்? என் பேருல எவனோ குடுத்த கணக்கையா?"

"ஷெரில் வென்ட்லாண்டைப் போய்ப் பார்த்தியா?"

"அந்தம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும். நானும் கூட வர்றேன், சேர்ந்தே கேட்போம்."

ஷெரில் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நூலகத்தில் உட்கார்ந்து ஊருக்கே இலவசமாக வரிக் கணக்கு எழுதிக் கொடுப்பார். மற்ற மாதங்களில் தோட்டம், தேனீக்கள். சனிக்கிழமை காலை நாங்கள் போனபோது ஆர்லிஸ் கையில் ஒரு குளிர்பெட்டி இருந்தது. சமையலறை மேஜைமேல் அதை வைத்துத் திறந்தாள். உள்ளே கசாப்புக் கடையில் சுற்றித்தரும் வெள்ளைத் தாளில் நாலு பொட்டலம், உறைந்துபோய், மேலே கறுப்பு மையில் எழுதியிருந்தது: மான் ஈரல் 2019. மான் ஈரல் 2020. மான் ஈரல் 2021. மான் ஈரல் 2022.

ஷெரில் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "எனக்கு ஈரல் பிடிக்காதும்மா."

"யாருக்குத்தான் பிடிக்கும்? அதான் அப்படி எழுதினேன். திருடன் வந்தா நல்ல கறியை எடுத்துட்டு இதை விட்டுட்டுப் போயிடுவான்."

உள்ளே அவளுடைய சம்பளச் சான்றுகள், வரி அலுவலகத்துக் கடிதங்கள், பாதி பிரிக்காதவை. மூன்று வருஷமாக வீட்டுக் கீழ்த்தளத்து ஃப்ரீசரில் கறிக்கு அடியில் பத்திரமாக இருந்திருக்கின்றன. ஷெரில் துணி உலர்த்தும் கொடியைச் சமையலறைக் குறுக்கே கட்டி, காகிதங்களை ஒவ்வொன்றாகக் கிளிப் போட்டுத் தொங்கவிட்டார். வகுப்பறையில் முப்பத்தைந்து வருஷம் இருந்தவர் எதைப் பார்த்தும் சிரிக்க மாட்டார். நான் சிரித்தேன், முறைப்பு வாங்கினேன்.

"சரி, திங்கட்கிழமை ரெண்டு பேரும் வாங்க. வரி ஆபீசுக்கே போன் பண்ணுவோம். கடுதாசியில இருக்கற நம்பர் நிஜமான நம்பர்தான், நான் பார்த்துட்டேன்" என்றார் ஷெரில்.

"பொய்க் கடுதாசியா இருந்தா?"

"இருந்தா போலீஸைக் கூப்பிடலாம். டுவேனைப் பிடிச்சுக் குடுத்துடலாம்."

"ரெண்டு பேரும் நல்லா இருங்க" என்றேன்.

திங்கட்கிழமை நான் விடுப்பு எடுத்தேன். தொலைபேசியில் ஒரே பியானோ இசை இரண்டு மணி நேரம் ஓடியது. ஆர்லிஸ் கொண்டுவந்த ருபார்ப் கேக்கை நாங்கள் தின்றோம், அவள் தொடவில்லை. கடைசியில் ஒரு பெண் பேசினார். பிறந்த ஊர், பழைய விலாசம் என்று பத்துக் கேள்வி கேட்டு இவள் ஆர்லிஸ்தான் என்று உறுதி செய்துகொண்டார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

"அம்மா, 2019-க்கு உங்க பேருல ஒரு கணக்கு இருக்கு. மே ஆறு, 2020-ல வந்திருக்கு. வருமானம் ஒரு டாலர்."

"ஒரு டாலரா?" ஆர்லிஸின் குரல் உயர்ந்தது. "என் பேருல திருடினவன் ஒரு டாலர்தான் சம்பாதிச்சானா?"

"பணம் போன வங்கிக் கணக்கோட கடைசி நாலு எண் படிக்கிறேன், உங்களுதான்னு சொல்லுங்க. நாலு, நாலு, ஒண்ணு, ஏழு."

ஆர்லிஸ் கைப்பையிலிருந்து காசோலைப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

"என்னோடதுதான். ஷெரில், அவன் என் கணக்குலயே பணத்தைப் போட்டிருக்கான்."

"இவ்வளவு நல்ல திருடனை நான் பார்த்ததில்ல" என்றார் ஷெரில். பிறகு பேனாவைக் கீழே வைத்தார். "ஆர்லிஸ், நிவாரணப் பணத்துக்கு நீ எப்படி எழுதிப் போட்டே?"

"எல்லாரையும் போலத்தான். பஸ்ல உட்கார்ந்து, போன்ல. கணக்கு தாக்கல் பண்ணாதவங்க இங்க பேரு போடுங்கன்னு ஒரு பக்கம் இருந்துச்சு. நான்தான் அப்ப இன்னும் பண்ணலையே? பேரு, விலாசம், வங்கி நம்பர் போட்டேன். பணம் வந்துச்சு."

"எப்போ?"

"மே மாசம்..."

தொலைபேசிப் பெண்தான் மெதுவாக விளக்கினார். அந்த இணையப் பக்கம் வரிக் கணக்கே கொடுக்க வேண்டிய அவசியம் இல்லாதவர்களுக்கு. அதில் பெயர் போட்டால் ஒரு டாலர் வருமானம் என்று ஒரு கணக்கு தாக்கலாகிவிடும். ஜூலையில் அவள் அனுப்பிய நிஜக் கணக்கு அதனால்தான் திரும்பியது. திருட்டு எதுவும் இல்லை. நிறையப் பேர் இதே தவறைச் செய்தார்களாம்.

ஆர்லிஸ் சிரிப்பாள் என்று நினைத்தேன். முகத்தைக் கையில் புதைத்துக்கொண்டு அழுதாள். தோள் குலுங்க, சத்தமாக, மூக்கு ஒழுக அழுதாள். பனி மேட்டில் ஐம்பது பிள்ளைகளோடு இறங்குகிறவள் அழுவதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. "பக்கத்து வீட்டுப் பையனைச் சந்தேகப்பட்டேன். பேங்க்ல இருக்கற பொண்ணைச் சந்தேகப்பட்டேன். உன்னை..." என்று என்னைப் பார்த்தாள். "உன்னைத்தான் முதல்ல சந்தேகப்பட்டேன் டுவேன்."

"முதல்லயேவா?"

"முதல்லயே."

கோபப்பட வேண்டும் என்றுதான் இருந்தது. மூன்று வருஷம் யாரையும் நம்பாமல் ஒருத்தி தனியாக அந்த வீட்டில் எப்படித் தூங்கியிருப்பாள் என்று நினைத்தபோது கோபம் வரவில்லை. கேக்கில் ஒரு துண்டை எடுத்து அவள் முன்னால் தள்ளினேன். சாப்பிட்டாள்.

அந்த வாரம் முழுக்க ஷெரில் தேனீக்களை விட்டுவிட்டு உட்கார்ந்தார். பிந்தைய மூன்று வருஷத்துக் கணக்கைக் கம்ப்யூட்டரிலேயே அனுப்பலாம். 2020 கணக்கில், முந்தைய வருஷ வருமானம் எவ்வளவு என்று அடையாளத்துக்காகக் கேட்ட இடத்தில், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் 'ஒன்று' என்று அடித்தார். "பொத்தானை நீயே அமுக்கு" என்றார். ஆர்லிஸ் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினாள். மறுநாள் காலை ஷெரில் அழைத்து ஒரே வார்த்தை சொன்னாராம்: "ஏத்துக்கிட்டாங்க."

சம்பளத்திலேயே வரியைப் பிடித்திருந்ததால் அந்த நாலு வருஷத்திலும் அவள் ஒரு காசுகூடப் பாக்கி வைக்கவில்லை. அரசாங்கம்தான் அவளுக்குத் திருப்பித் தர வேண்டியிருந்தது. "ஜூலை பதினேழு தாண்டியிருந்தா முதல் வருஷத்துப் பணம் போயே போச்சு. இந்தத் தடவை கடைசி நாளுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே வந்துட்டே, உடம்பு சரியில்லையா?" என்று ஷெரில் அப்போதும் ஒரு குத்து விட்டார்.

2019-க்கான திருத்தக் கணக்கு மட்டும் காகிதத்தில், தபாலில்தான் போக வேண்டும். "குடு, நானே அஞ்சலகத்துல சேர்த்து ரசீது வாங்கித் தர்றேன்" என்றேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. இன்னும் நம்பவில்லையோ என்று இருந்தது.

ஜூலை ஆறாம் தேதி காலை, வளைவைத் திரும்பியதும் பார்த்தேன். நாடா பிரிக்கப்பட்டிருந்தது. பசை ஒட்டிய பெட்டிமேல் சிவப்புக் கொடி நிமிர்ந்து நின்றது. வாசலில் யாரும் இல்லை. பெட்டிக்குள் தடிமனான ஓர் உறை, அதன்மேல் வெள்ளைத் தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். 'டுவேனுக்கு. இது நிஜமான ஈரல்' என்று எழுதியிருந்தது. நான் கொடியை இறக்கினேன். ஈரலை என் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கடன் கிடைத்து, தொழிலாளர் தினத்துக்கு நாலு நாள் முன்பு லைல் விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டார். ஆர்லிஸ் வழக்கம்போலக் கடைசி நிமிஷத்தில் போகவில்லை, அரை மணி முன்னதாகவே போய் உட்கார்ந்திருந்தாளாம். அந்த வாரமே தபால் பெட்டியிலிருந்த 'ஆஸ்மண்ட்' என்ற எழுத்தைச் சுரண்டிவிட்டு 'டாலஃப்சன்' என்று எழுதினாள். எழுத்து கோணல்.

போன ஜனவரி முதல் வாரத்தில் பெரிய பனி. நான் போனபோது பெட்டி பள்ளத்தில் கிடந்தது, 'டாலஃப்சன்' பக்கம் நசுங்கி. முந்தைய நாள் நான் போட்ட தபால் பனியில் சிதறியிருந்தது. எடுத்துப் பார்த்தேன். வரி அலுவலகத்து உறை ஒன்று, நனைந்து, ஓரம் கிழிந்து. வருஷா வருஷம் அவளுக்கு மட்டும் தெரிந்த ஆறு இலக்க ரகசிய எண் ஒன்று வரும், அது இல்லாமல் அவள் பெயரில் யாரும் கணக்குக் கொடுக்க முடியாது என்று ஷெரில் பதிவு செய்து கொடுத்திருந்தார். அதுதான் இது. மறுபடி நாடாவைச் சுற்றுவாள், மறுபடி ஈரல் என்று எழுதுவாள் என்றே நினைத்தேன்.

கதவைத் தட்டினேன். உறையை நீட்டினேன். வாங்கினாள். கிழிந்த ஓரத்தைப் பார்த்தாள். அங்கேயே கட்டைவிரலால் பிரித்து எண்ணை ஒருமுறை வாசித்தாள், உதடு மட்டும் அசைய.

"ஷெரில் கடையை எப்போ திறக்கறாங்க?"

"பிப்ரவரி ஒண்ணு."

"முதல் ஆளா எழுதிக்கச் சொல்லு" என்று உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு என் தோளுக்கு மேலாகப் பள்ளத்தைப் பார்த்தாள். முகம் சிவந்தது. ஏழாம் எண் பேருந்தின் பின் இருக்கைவரை போகும் அந்தக் குரல் வந்தது. கைபேசியை எடுத்து ஊராட்சி அலுவலகத்தை அழைத்தாள்.

"ஆர்லிஸ் டாலஃப்சன் பேசறேன். உங்க வண்டி என் தபால் பெட்டியை உடைச்சிருக்கு. இல்ல, லைல் இல்ல, லைல் அரிசோனா போயாச்சு. இது என் வீடு. ஆமா, என் வீடு! எழுதிக்கிட்டீங்களா? டாலஃப்சன். வந்து சரி பண்ணிக் குடுங்க!"

புதுப் பெட்டி வர ஒன்பது நாள் ஆனது. அதுவரை தபாலைக் கையில்தான் கொடுத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்து வாங்கிக்கொண்டாள்.